குருதியின் நெறியும் ஊவாவின் வரலாறும்

ஊவா மலைநாட்டிலே, பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே அமைந்த எல்ல என்னுஞ் சிற்றூரில் நின்று தெற்கு நோக்குவோர்க்கு, இரு மலைகளுக்கிடையே ஒரு பெருவாயில் திறந்து கிடப்பது போன்ற காட்சி தோன்றும். அவ்வாயிலுக்கு இப்பால் ஏறத்தாழ 3,400 அடி உயரத்திற் குளிர்ந்த தேயிலைச் சரிவுகள். அப்பால், வெல்லவாயவைத் தொட்டுப் பரந்து கிடக்கும் உலர்வலயச் சமவெளி. இம்மலைப்புறத்திற் பெய்யும் மழைநீர் இருவழிப்படுகின்றது. ஒரு சரிவில் விழுந்த நீர் பதுளை ஓயாவைச் சேர்ந்து, மகாவலியோடு கலந்து, நெடுந்தூரஞ் சென்று திருகோணமலைப் பக்கத்துக் கடலை அடைகின்றது. மற்றைச் சரிவில் விழுந்தது கிரிந்தி ஓயா வழியாகத் தென்கடலை அடைகின்றது. ஒரே முகிலினின்று விழுந்த துளிகளே. விழுந்த இடத்தின் சிறு வேறுபாடு அவற்றின் முடிவை முற்றும் வேறாக்கிவிடுகின்றது.

உயிர்க்கலங்களின் வளர்ச்சியை விளக்கப் புகுந்த ஆங்கில உயிரியலறிஞர் கொன்றாட் வாடிங்றன் 1957இல் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய மலைச்சரிவொன்றையே உவமையாகக் கொண்டார். உச்சியில் நிற்கும் உருண்டை, வளருயிரின் முதற்கலம். கிளைத்துக் கிளைத்து இறங்கும் பள்ளத்தாக்குகள், அக்கலம் மேற்கொள்ளக்கூடிய வழிகள். ஒரு பள்ளத்தில் இறங்கிய உருண்டை இயல்பாக மற்றைப் பள்ளத்துக்கு ஏறுவதில்லை. இவ்வுவமை எந்தக் கலத்துக்கும் பொருந்துமாயினும், குருதிக்கலத்துக்குப் பொருந்துவது போல் வேறெதற்கும் பொருந்துவதில்லை. என்பு மச்சையில் உறையும் ஒருவகை மூலக்கலத்தினின்றே ஒட்சிசனைச் சுமக்குஞ் செங்குழியமும், நோயை எதிர்க்கும் வெண்குழியங்களும், குருதியை உறையச் செய்யுஞ் சிறுதட்டுகளும் தோன்றுகின்றன. செங்குழியம் மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் உண்டாகின்றது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடிகின்றது. இங்ஙனம் ஒரு மூலத்தினின்று பல குலங்கள் பிரிதற்குரிய மூலக்கலம் உண்மையில் உள்ளதென்பதை, எலிகளின் மண்ணீரலில் ஆராய்ந்து 1961இல் நிறுவியோர் கனடா நாட்டு ரொறன்ரோ நகரத்து அறிஞர்களாகிய ஜேம்ஸ் ரில், ஏர்ணெஸ்ற் மக்கலக் ஆகிய இருவர்.

மூலம் இதுவெனத் தெரிந்தது. அம்மூலக்கலத்தை இவ்வழிச் செல்க என ஏவுவது யாது என்பதே பின்னர் எழுந்த வினா. அதற்கு விடை கண்ட வரலாற்றிலே ஊவா நாட்டு மக்களின் குருதிக்கும் ஒரு பங்குண்டு. ஆய்வுகூடங்களைப் பற்றிய நூல்கள் அப்பங்கைப் பெரும்பாலும் ஒரு வரியிற் சொல்லிச் செல்கின்றன. இங்கு அது சற்று விரித்துரைக்கத்தக்கது.

எல்லக் கணவாய்க்கு மேலே வாழ்ந்தோரும் கீழே வாழ்ந்தோரும் இருவேறு நோய்களுக்கு இரையாயினர். கீழ்நாட்டை ஆட்சி செய்தது மலேரியா. வெல்லச, பிந்தனை ஆகிய பகுதிகளின் குளங்களும் வறண்ட ஆற்றுப்படுகைக் குட்டைகளும் நுளம்புக்கு விளைநிலமாயின. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களை வாரிச் சென்றது. மலைத்தோட்டங்களை அவற்றின் உயரம் பெரும்பாலுங் காத்தது. ஆயினுந் தோட்டத் தொழிலாளர் நற்குருதி பெற்றிருந்தனர் எனல் பொருந்தாது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களினின்று வந்த அம்மக்களுட் பெரும்பான்மையோரின் குடலிற் கொழுக்கிப்புழு இருந்தது. மலசலகூடமின்மையும் வெறுங்காலும் அதற்குத் துணையாயின. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி இதனை நன்கு வெளிப்படுத்தியது. நாள்தோறுஞ் சிறிது சிறிதாகக் குருதியை இழந்து வெளிறிய தொழிலாளரைச் 'சோம்பேறி' என்று அக்காலத்துக் கங்காணிகளுந் துரைமாரும் ஏசியதுண்டு. சோம்பல் எனப்பட்டது குருதிச்சோகையே.

இவ்விரண்டு நோய்களும் குருதியோடு தொடர்புற்றனவேனும் அவற்றிடையே அடிப்படை வேற்றுமை ஒன்றுண்டு. கொழுக்கிப்புழுவால் வருஞ் சோகை மருந்தாலும் இரும்புச்சத்தாலும் நீங்கும். அது பிள்ளைக்குப் பரம்பரையாகச் செல்வதில்லை. மலேரியாவோ தலைமுறை தலைமுறையாக மனிதக் குருதியையே தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டது. இவ்வுண்மையை முதலில் ஊகித்தவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். பின்னாளில் 1957இல் இந்தியாவிற் குடியேறி, 1964இற் புவனேசுவரத்திற் காலமானவர் அவரே. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகை மத்தியதரைக்கடல் நாடுகளில் மிகுந்திருத்தற்குக் காரணம், அதன் பரம்பரையலகில் ஒன்றை மட்டும் உடையோர் மலேரியாவினின்று ஓரளவு தப்புதலே என்று 1940களின் இறுதியில் அவர் கூறினார். இரண்டு அலகுகளைப் பெற்ற பிள்ளை கடுஞ்சோகையால் வாடும். ஓர் அலகைப் பெற்ற உடன்பிறந்தார் காய்ச்சலிலும் பிழைத்திருப்பர். ஒரு குலத்தின் காவல் அக்குலத்தின் சில பிள்ளைகளை விலையாகக் கேட்டது.

ஹோல்டேனின் கருத்து உண்மையாயின், மலேரியா நீடித்த எவ்விடத்தும் இத்தகைய குருதி வேறுபாடுகள் காணப்படுதல் வேண்டும். தேடல் தமிழ்நாட்டையும் இலங்கையையும் விரைவில் அடைந்தது. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாட்கலப் பண்பைக் கண்டனர். ஆபிரிக்காவுக்கே உரியதென அதுவரை பலருங் கருதியிருந்த பண்பு அது. மூன்றாண்டுகளின் பின், லேமனும் ஏ. ஈ. மூறன்ற், ஆர். எல். விக்கிரமசிங்க முதலியோரும் இலங்கை வேடரின் குருதியை ஆராய்ந்து வெளியிட்டனர். வேடர் குடிகளுட் குறிப்பிடத்தக்கன இன்றும் வாழும் தம்பானை, மஹியங்கனையை அடுத்து ஊவா மாகாணத்தில் உள்ளது. அவர்தங் குருதியில் ஈமோகுளோபின் ஈ என்பது மிகுதியாகக் காணப்பட்டது. முந்திய ஆண்டாகிய 1954இலேதான் அப்பொருள் உலகுக்கு முதலில் அறிவிக்கப்பட்டிருந்தது. தாய்லாந்து, பர்மா முதலிய நாடுகளிற் பரந்துள்ள அது பிந்தனைக் காட்டிலும் வாழ்தல் கண்டு மானிடவியலார் வேடரின் தோற்றம் பற்றிப் பலவாறு கற்பனை செய்தனர். மலேரியாவின் தேர்வாலும் ஒரு பண்பு ஓரிடத்திற் பெருகக்கூடுமாகலின், குருதியை மட்டுங்கொண்டு குலவழி கூறல் துணிவு மிக்க செயலென்பதை அவருட் சிலர் மறந்தனர்.

ஈமோகுளோபின் ஈ யாது? ஈமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆயது: அல்பாச் சங்கிலி இரண்டு, பீற்றாச் சங்கிலி இரண்டு. அரிவாட்கல நோயாளரிடத்துப் பீற்றாச் சங்கிலியின் ஆறாம் இடத்து அமினோவமிலம் ஒன்றே மாறியுள்ளதென வேர்ணன் இங்கிறம் கேம்பிறிச்சில் 1950களின் நடுப்பகுதியிற் காட்டினார். ஈ வகையில் இருபத்தாறாம் இடத்துக் குளூற்றமிக்கமிலத்துக்குப் பதிலாக இலைசீன் அமைந்துள்ளது. ஓர் எழுத்துப் பிழை ஒரு சொல்லின் பொருளை மாற்றுதல் போல்வது இது. இதனைக் கண்டோர், பரம்பரைக் குருதி நோயனைத்தும் இத்தகைய எழுத்துப் பிழைகளே போலும் என எண்ணினர்.

தலசீமியாவோ அவ்வெண்ணத்துக்கு அடங்கவில்லை. அந்நோயாளரிற் பெரும்பாலோரின் ஈமோகுளோபினில் எழுத்துப்பிழை எதுவுமில்லை. உள்ளது செவ்வையானதே, ஆனாற் போதாது. பண்பிற் குறையன்று, அளவிற் குறை. எனவே, 'எப்பொருளை ஆக்குக' என்பதைப் போலவே, 'எவ்வளவு ஆக்குக, எப்பொழுது ஆக்குக, எக்கலத்தில் ஆக்குக' என்னுங் கட்டளைகளும் பரம்பரைப் பொருளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஈ வகை இவ்விரு இனத்தையுந் தழுவியதென்பது பிற்காலத்திற் புலனாயிற்று: அதன் எழுத்துப்பிழை, செய்தியைத் தவறான இடத்தில் வெட்டவுஞ் செய்து, சங்கிலியின் அளவையுங் குறைக்கின்றது. வேடர் குருதியில் மிகுந்து கண்டது வெறும் வேற்றுருவன்று; அது ஒரு மென்மையான தலசீமியாவே.

கட்டளை பற்றிய முதல் தெளிவு குருதியினின்று வரவில்லை. குடலில் வாழும் ஒரு பற்றீரியாவினின்று வந்தது. பாரிசு நகரத்துப் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜக்கோப், ஜாக் மொனோ ஆகிய இருவரும், சில பரம்பரையலகுகள் வேறு சில பரம்பரையலகுகளை அடக்கும் பொருளை ஆக்குவன என்று 1961இல் அறிவித்தனர். அவ்வடக்கி ஒரு புரதமே என்பதை 1966இல் வால்ரர் கில்பேட்டும் பென்னோ மியுல்லர் ஹில்லும் அதனைப் பிரித்தெடுத்து நிறுவினர். ஆட்சியாளரும் ஆளப்படுவோரும் ஒரே பரம்பரைப் பொருளின் மக்களே என்பது அக்காலத்துக்குப் புதுமை.

மனிதக் குருதியில் அத்தகைய ஆட்சிப் புரதத்தைக் காண மேலும் இருபதாண்டுகள் சென்றன. ஈமோகுளோபின் பரம்பரையலகுகளின் அருகே குறித்த நான்கெழுத்துத் தொடர் மீண்டும் மீண்டும் வருதலை அறிஞர் கவனித்தனர். ஜீ, ஏ, ரீ, ஏ என்பன அவ்வெழுத்துகள். 1988, 1989ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கரி பெல்சன்பெல்ட், ஸ்ருவாட் ஓர்க்கின் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் அத்தொடரைத் தேடிப் பற்றும் புரதத்தைக் கண்டறிந்தன. அவ்வெழுத்துகளையே சேர்த்து அதற்குக் 'காட்டா-1' எனப் பெயரிடப்பட்டது. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் எதனையுங் காட்டாத ஒன்றென ஒலிப்பினும், செங்குழியத்துக்கு வழிகாட்டுவதே அதன் தொழில். 1991இல் இப்பரம்பரையலகை நீக்கிய மூலக்கலங்களைக் கொண்டு எலிகளில் ஆராய்ந்தபொழுது, அக்கலங்கள் வெண்குழியங்களாயின. முதிர்ந்த செங்குழியம் ஆகவில்லை. 2000ஆம் ஆண்டில், இப்புரதத்தின் மாற்றத்தாற் பிறவியிலேயே சோகையுஞ் சிறுதட்டுக் குறைவும் உற்ற குடும்பமொன்றும் அறியப்பட்டது.

வாடிங்றனின் சரிவு இவ்விடத்து மீண்டும் நினைவுக்கு வருகின்றது. காட்டா-1 தனியாட்சி செய்வதில்லை. வெண்குழியங்களின் வழியைத் திறக்கும் பியூ-1 என்னும் புரதம் அதற்கு நேர் பகை. இரண்டும் ஒரே மூலக்கலத்திற் சிறிய அளவில் உள்ளன. ஒன்றையொன்று பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. எது மிஞ்சுகின்றதோ அதன் பள்ளத்திற் கலம் இறங்குகின்றது. 1995இல் தோமஸ் கிராப் என்பாரின் குழுவினர், வெண்குழிய வழியிற் சென்ற கோழிக் கலத்திற் காட்டா-1ஐப் புகுத்தி அதனை வேறு வழிக்குத் திருப்பினர். பள்ளத்தில் இறங்கிய உருண்டையையும் மேலேற்றலாம் என்றாயிற்று. மூலக்கலத்தின் முதல் தோற்றத்துக்கே றன்க்ஸ்-1 என்னும் புரதம் இன்றியமையாதது. அது பழுதுறின் வெண்குருதிப் புற்றுநோய் நேர்தலும் உண்டு. இவை தனித்தனியே விரித்தற்குரியன.

ஊவாவின் கதைக்கு மிக நெருங்கியது வேறொன்று. கருப்பையிலுள்ள மகவின் ஈமோகுளோபினிற் பீற்றாச் சங்கிலியில்லை; அதற்கு ஈடாகக் காமாச் சங்கிலி உண்டு. பிறந்து ஆறு திங்களளவில் காமா ஓய்ந்து பீற்றா அதனிடத்தைப் பிடிக்கின்றது. தலசீமியாப் பிள்ளை பிறந்தவுடன் நலமாயிருந்து பின்னர் வெளிறத் தொடங்குவது இதனாலேயே. அரிவாட்கல நோயுடைய பச்சிளங் குழவிகளிடத்து நோய்க்குறி தோன்றாமையைக் கண்டு, குழவி ஈமோகுளோபினே காவல் என்று 1948இலேயே உரைத்தவர் நியூயோர்க்கு வைத்தியர் ஜனற் வாட்சன். அவர் உரைத்ததன் முழுப்பயன் அறுபதாண்டுகளின் பின்னரே விளைந்தது. காமாவை ஓயச் செய்யும் அதிகாரி யார் என்பதே தெரியாதிருந்தது.

அதிகாரி எதிர்பாராத இடத்தினின்று வந்தார். பெரியவரானபின்னும் காமாச் சங்கிலி ஓரளவு நீடிக்கும் மக்களின் பரம்பரையலகுகளை ஒப்புநோக்கிய சுவீ லே தெயின் முதலியோர், 2007இல் இலண்டனிலிருந்து இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஓரிடத்தைச் சுட்டினர். அங்கிருந்தது பீ.சீ.எல். 11 ஏ. வெண்குழிய ஆக்கத்தில் மட்டும் அறியப்பட்டிருந்த புரதம் அது. ஈமோகுளோபினோடு அதனை எவரும் இணைத்துப் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டில் ஓர்க்கினின் ஆய்வுகூடத்தில் விஜய் சங்கரன் என்னும் இளைஞரும் அவர்தந் தோழரும், இப்புரதமே காமாவை அடக்குவதென நிறுவினர். 2010இல் மோல்ற்றாத் தீவின் குடும்பமொன்றை ஆராய்ந்தோர், கே.எல்.எஃப்.-1 என்னும் பிறிதொரு புரதம் பீ.சீ.எல். 11 ஏ-ஐ ஊக்குதலைக் கண்டனர். அதிகாரிக்கும் மேலதிகாரி உண்டு.

இவ்வாராய்ச்சி நிகழ்ந்த அதே காலத்தில் இலங்கை நோயாளரிடையே வேறொரு தொண்டு நடைபெற்றுவந்தது. அதன் தலைவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து டேவிட் வெதறோல். 1950களின் இறுதியிற் படைமருத்துவராய்ச் சிங்கப்பூரிற் பணியாற்றியபொழுது, நேபாளக் கூர்க்காப் படைவீரர் ஒருவரின் மகளிடத்துத் தலசீமியாவைக் கண்டு, அன்று முதல் 2018இல் மறையும்வரை அந்நோயை விடாது பற்றியவர் அவர். அவரும், அனுஜ பிரேமவர்தன முதலிய இலங்கை வைத்தியரும், பிறருங் கூடி, நோயாளரையும் 1,600 பள்ளிப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இச்சிறு தீவில் 23 வகைப் பீற்றா மாற்றங்கள் காணப்பட்டன. எக்காலத்தும் 2,000க்கு மேற்பட்ட நோயாளர் சிகிச்சையை வேண்டி நிற்பர் என்றும், அவருள் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஈமோகுளோபின் ஈயும் பீற்றாத் தலசீமியாவும் கூடிய வகையினராயிருப்பர் என்றும் அவர் கணித்தனர். அனைவர்க்கும் உரிய சிகிச்சை அளிப்பின் நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 5 சதவீதம் அதற்கே வேண்டியிருக்கும்.

2005இல் வெளிவந்த தொடராய்வு இன்னுஞ் சிறப்புடையது. ஈ-பீற்றாத் தலசீமியா உடைய 109 இலங்கையரை ஐந்தாண்டுகள் அவதானித்தபொழுது, ஒரே மாற்றத்தை உடையவருள்ளும் ஒருவர் குருதியேற்றலின்றி வளர்ந்து தொழில் செய்ய, மற்றொருவர் குழவிப்பருவத்திலேயே அதனையே நம்பி வாழ்தல் தெளிவாயிற்று. வேறுபாட்டுக்குக் காரணங்களுள் ஒன்று குழவி ஈமோகுளோபினின் அளவு. குருதியேற்றப்பட்டுவந்தோருட் பலர்க்கு அதனை நிறுத்தியும் கேடு விளையவில்லை. ஈமோகுளோபின் குறைந்த அளவைக் கண்டமட்டிலே குருதியேற்றும் வழக்கம் எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டாத சுமையைத் தந்திருத்தல் கூடும் என்று எண்ணுகையில், ஐந்தாண்டுப் பொறுமை எவ்வளவு பெரிய கருவி என்பது விளங்கும். ஆய்வுகூடத்திற் கண்ட அடக்கிப் புரதத்தின் வலிமைக்கு இந்நோயாளரின் உடலே சான்றாயிற்று. அவர் பெயர் எந்நூலிலும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தது விரைந்து நிகழ்ந்தது. பீ.சீ.எல். 11 ஏ வெண்குழியங்களுக்கும் வேண்டியதாகலின் அதனை முற்றும் அழித்தல் தகாது. செங்குழியத்தில் மட்டும் அதனைத் தூண்டும் ஒரு பகுதியை 2013இல் டானியல் பவர் முதலியோர் கண்டனர். அப்பகுதியின் உயிர்நிலை காட்டா-1 பற்றும் எழுத்துத் தொடரே. செங்குழியத்தை ஆக்கும் காட்டா-1, தன் மற்றொரு கையால் காமாவின் அடக்கியையும் எழுப்பிவந்தது. ஜெனிபர் டௌட்னா, இமானுவேல் சார்பெந்தியே ஆகிய பெண்மணியர் 2012இல் அளித்த கிறிஸ்பர் என்னும் வெட்டுக்கருவியால் அத்தொடரை மட்டுஞ் சிதைத்தால் அடக்கி அடங்கும், காமா மீளும். இம்முறையில் அமைந்த காஸ்கெவி என்னுஞ் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா இசைவளித்தது. தலசீமியாவுக்காக அமெரிக்கா 2024 சனவரியில் இசைந்தது. நோயாளரின் மூலக்கலங்களை வெளியே எடுத்துத் திருத்தி, வன்மருந்தால் அவர்தம் மச்சையை வெறுமையாக்கி, திருத்தியவற்றை மீளச் செலுத்துவர். அமெரிக்காவில் ஒருவர்க்கு அதன் விலை 22 இலட்சம் டொலர்.

அவ்விலை ஊவாவுக்கு எட்டாதது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலேயே தலசீமியாப் பிள்ளையொன்றுக்கு மச்சை மாற்றஞ் செய்யப்பட்டமை நம்மவர் திறத்துக்குச் சான்றாயினும், பொருந்திய உடன்பிறந்தார் வாய்த்தோர்க்கே அவ்வழி திறக்கும். களனிப் பல்கலைக்கழகத்துச் சச்சித் மெத்தானந்த ஒக்ஸ்போட்டிலிருந்து 2017இல் வேறொரு நெறியைக் காட்டினார்: பீற்றாவின் குறையால் மிஞ்சிக் கலத்தை நச்சுப்படுத்துவது அல்பாச் சங்கிலியாகலின், அல்பாவைத் தூண்டும் பகுதியைத் திருத்தி அதனைக் குறைத்தல். அவரே இலங்கை திரும்பி, குழவி ஈமோகுளோபினை உயர்த்தும் ஐதரொட்சியூரியா என்னும் மலிந்த மருந்தையும் முறைப்படி ஆராய்ந்துள்ளார். இலங்கை நிலைக்கு இவ்விரண்டாம் முயற்சியே முதலில் உதவுமெனத் தோன்றுகின்றது.

நோயை வருவித்த மலேரியாவோ நாட்டினின்று நீங்கிவிட்டது. 1963இல் ஆண்டுக்கு 17 நோயாளராகச் சுருங்கி, காவல் தளர்ந்தமையால் 1960களின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற் பெருகிய அந்நோய், 2012இன் பின் உள்நாட்டிற் தோன்றவில்லை. 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதனை உறுதிசெய்தது. காய்ச்சல் அகன்றும் அது தேர்ந்தெடுத்த பரம்பரையலகு குருதியில் நிற்கின்றது. குருநாகல், அனுராதபுரம், றாகம ஆகியவற்றோடு பதுளைப் பெருவைத்தியசாலையும் தலசீமியாச் சிகிச்சை நிலையமாய் விளங்குவது இதனாலேயே. கடுநோயுற்ற பிள்ளைகள் மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை குருதியேற்றப்பெறுகின்றனர். ஏற்றிய குருதியோடு சேரும் இரும்பை அகற்ற மருந்தும் பெறுகின்றனர்.

இவ்விடத்திலே மேல்நாட்டுக் கதையுங் கீழ்நாட்டுக் கதையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. தோட்ட மருந்தகத்துக்கு வெளிறிய பெண்ணொருத்தி வரின், இரும்புக் குறைவென எண்ணி மாத்திரை கொடுப்பது நூறாண்டுப் பழக்கம். பெரும்பாலும் அது சரியே. ஆனால், தலசீமியாவின் ஓர் அலகை மட்டும் உடையோரின் செங்குழியமும் நுணுக்குக்காட்டியிற் சிறுத்து வெளிறியே தோன்றும். அவர்க்குத் தேவையில்லாத இரும்பு பயன் தருவதில்லை; அவர் ஏந்திய அலகும் அறியப்படாமலே போகும். ஈமோகுளோபின் ஏ-2 என்னும் சிறுபகுதி பீற்றா அலகுடையோரிடம் உயர்ந்திருக்குமென்பது 1957இலேயே ஹென்றி குங்கல் முதலியோராற் கண்டறியப்பட்டது. அச்சோதனைக்குச் சிறிது குருதி போதும். திருமணத்துக்கு முன் இருவருஞ் செய்துகொள்ளின், அலகுடைய இருவர் அறியாது இணைதல் தவிரும். அத்தகைய இணைப்பிற் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பதுளையிற் குருதியேற்றும் கட்டிலில் இன்று படுத்திருக்கும் பிள்ளையின் பெற்றோருட் பலர், தாம் ஓர் அலகை ஏந்தியிருந்தமையை அப்பிள்ளையின் நோயாலேயே முதன்முதல் அறிந்தவர்.